பழைய பட்டறை மனையின் மண்: எந்தச் சோதனை எதற்குப் பதில் சொல்லும்?

மூடிக் கிடக்கும் தொழிற்சாலை மனையில் வீடோ பள்ளியோ தோட்டமோ வரப்போகிறது என்றதும், "மண்ணை எங்கே கொடுத்துச் சோதிக்கலாம்?" என்ற கேள்விதான் முதலில் வரும். அதைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். ஆய்வகம் தரும் எண், பாட்டிலில் போய்ச் சேர்ந்த சில நூறு கிராம் மண்ணைப் பற்றியது. அதிலும் எந்தப் பொருளைத் தேடச் சொன்னோமோ அதை மட்டும் பற்றியது. பாட்டிலுக்குள் வராத மண்ணும் பட்டியலில் எழுதாத பொருளும் அந்த அறிக்கையில் இல்லை. ஆகவே எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதைத் தேடி எடுப்பது என்பதுதான் முதல் முடிவு.

வழிகள் மூன்று: பழைய ஆவணங்களைத் தேடி மனையை நடந்து பார்ப்பது, மேல்மண்ணைக் கையடக்கக் கருவியால் அளப்பது, தோண்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. பலரும் பண நெருக்கடியில் இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் கருத்து இது: முதலாவதை யாரும் விடக்கூடாது, இரண்டாவது தனித்து நிற்காது, மூன்றாவதற்குச் செலவழிக்கும் பணம் உருப்படுமா என்பது முதலாவதை எவ்வளவு ஒழுங்காகச் செய்தோம் என்பதைப் பொறுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரண மனையை வைத்துக்கொள்வோம். 40 மீட்டருக்கு 50 மீட்டர், அதாவது 2,000 சதுர மீட்டர். முன்பு அங்கே உலோகங்களுக்கு முலாம் பூசும் பட்டறை இருந்தது.

காகிதத்தில் கிடைப்பது

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் 'லவ் கெனால்' என்ற பள்ளத்தில் வேதிக் கழிவுகளைப் புதைத்து மூடினார்கள். அந்த நிலம் 1953-இல் பள்ளி வாரியத்துக்கு 1 டாலருக்குக் கைமாறியது. அடியில் வேதிக் கழிவு கிடக்கிறது என்ற எச்சரிக்கை அந்தப் பத்திரத்திலேயே இருந்தது. அங்கே பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-இல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஒரு பிடி மண் எடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்கக்கூடிய செய்தி அது. பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், தொழில் உரிமத் தாள்கள், தீயணைப்புத் துறைப் பதிவு, வெவ்வேறு பத்தாண்டுகளில் எடுத்த வான்படங்கள் ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்பதுதான் இந்தப் பணியிலேயே மலிவான பகுதி.

தேடுவதன் நோக்கம் இரண்டு. ஒன்று, என்ன தொழில் நடந்தது என்று தெரிந்தால் எதைத் தேடுவது என்று தெரிந்துவிடும். முலாம் பட்டறை என்றால் குரோமியம், நிக்கல், காட்மியம், சயனைடு. கூடவே எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்பட்ட குளோரின் கரைப்பான்கள். தோல் பதனிட்ட இடம் என்றால் குரோமியமும் ஆர்செனிக்கும். நிலக்கரி வாயு ஆலை என்றால் தார், பென்சீன், நீல நிறச் சயனைடுக் கழிவு. உலர்சலவைக் கடை சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் கான்கிரீட்டையே ஊடுருவி ஆழத்துக்கு இறங்கிவிடும். மரத்துக்கு மருந்தடித்த இடத்தில் செம்பு, குரோமியம், ஆர்செனிக். பேட்டரி பிரித்த இடத்தில் ஈயம், அமிலம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் நின்ற மேடையில் பி.சி.பி. என்ற நச்சுக் குளோரின் சேர்மம் கலந்த எண்ணெய்.

இரண்டாவது நோக்கம் இடம். பழைய தொழிலாளிகளையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரிக்கும்போது "மாசு இருந்ததா?" என்று கேட்டால் பயன் இல்லை. "கழிவுத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? பீப்பாய்களை எங்கே அடுக்குவார்கள்? தொட்டியைக் கழுவினால் எங்கே கொட்டுவார்கள்?" என்று கேட்க வேண்டும். ஆட்கள் இடத்தை மறப்பதில்லை. மனையில் நடக்கும்போதும் கண் தேட வேண்டியவை இவையே: தரை வடிகால், அமிலம் அரித்துச் சரளை வெளியே தெரியும் கான்கிரீட், சுவரோரம் மஞ்சள் கறை, ஒன்றுக்கும் உதவாதது போல் சுவரை ஒட்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் (பெரும்பாலும் அடியில் ஒரு தொட்டி இருக்கும், அதன் காற்றுப்போக்கி), சுற்றிலும் பழைய தரை இருக்க நடுவில் மட்டும் புதிதாகப் பூசிய சதுரம்.

இந்த வழியின் குறை வெளிப்படையானது: அளவைச் சொல்லாது. இன்னொரு குறை அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. பள்ளத்தை மேடாக்க வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய நிரப்பு மண் எந்த ஆவணத்திலும் பெரும்பாலும் இருக்காது. சாம்பல், உலைக் கசடு, இடிபாடு, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓட்டுத் துண்டு எல்லாம் அதில்தான் வரும். பட்டறை சுத்தமாக நடந்திருந்தாலும் அது நின்ற மண் சுத்தமாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

கையடக்கக் கருவிகள்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

உலோகங்களுக்கு எக்ஸ்.ஆர்.எஃப். கருவி; எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, மண்ணில் உள்ள உலோகம் திருப்பி ஒளிர்வதை அளப்பது. துப்பாக்கி போன்ற கருவியை மண்மேல் வைத்து 1 முதல் 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் ஈயம், துத்தநாகம், செம்பு, நிக்கல் எவ்வளவு என்று திரையில் வரும். ஒரே நாளில் நூறு இடங்களைத் தொட்டுப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. ஈயத்துக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஆகவே தரையில் நேராக வைத்து அளந்ததை வெறும் துப்பாக மட்டும் கொள்ள வேண்டும். மண்ணை உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மெல்லிய உறையில் போட்டு அளந்ததுதான் பதிவுக்கு உரியது. குழந்தைகள் விளையாடும் இடமானால் இன்னும் நுண்ணிய பகுதியை, 150 மைக்ரானுக்குக் கீழ் உள்ளதைத் தனியாகப் பார்ப்பது நல்லது. கையில் ஒட்டி வாய்க்குப் போவது அந்தத் தூள்தான்.

ஆர்செனிக்கும் ஈயமும் சேர்ந்து இருந்தால் கருவி திணறும். இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில், சுமார் 10.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில், ஒளிர்கின்றன. ஆர்செனிக்கைவிட ஈயம் பத்து மடங்கு இருந்தால் அந்த ஆர்செனிக் அளவை நம்பக்கூடாது. நம் முலாம் பட்டறைக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. கருவி மொத்தக் குரோமியத்தைத்தான் காட்டும். அதில் ஆபத்து குறைந்த குரோமியம் 3 எவ்வளவு, புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் 6 எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாது. சயனைடு அதன் கண்ணுக்கே படாது. எத்தனை இடத்தில் அளந்தாலும் 20-க்கு ஒன்றையாவது ஆய்வகத்துக்கு அனுப்பி ஒப்பிட வேண்டும்.

ஆவியாகும் பொருள்களுக்குப் பி.ஐ.டி. என்ற வாயு உணரி; புற ஊதா விளக்கால் ஆவியை அயனாக்கி, அதாவது மின்னேற்றி, அளப்பது. மண்ணை ஜிப் பையில் பாதி நிரப்பி மூடி, 10 நிமிடம் வெயில் படாமல் வைத்து, முனையை உள்ளே செருகிப் படிப்பார்கள். பெட்ரோல், பென்சீன், உலர்சலவைக் கரைப்பான் எல்லாம் பிடிபடும். ஆனால் வழக்கமான விளக்கு 10.6 எலக்ட்ரான்வோல்ட். அதற்கு மேல் அயனாக்க ஆற்றல் கொண்ட குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு, மெத்திலீன் குளோரைடு, மீத்தேன் ஆகியவை இருந்தாலும் திரை பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து "வாயு இல்லை" என்று எழுதிய அறிக்கை தவறான அறிக்கை. பழைய ஆவணத்தில் எந்தக் கரைப்பான் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கருவியை எடுக்க வேண்டும்.

கட்டம் போட்டா, குறிவைத்தா?

மனை முழுக்கச் சம இடைவெளியில் கட்டம் போட்டு எடுப்பது நடுநிலையாகத் தெரியும். கணக்குப் போட்டால்தான் அதன் பலவீனம் தெரியும். நம் 2,000 சதுர மீட்டரில் 10 மீட்டர் இடைவெளி என்றால் 20 இடங்கள். 5 மீட்டர் ஆரமுள்ள மாசுத் திட்டு ஒன்று எங்கோ இருந்தால் அதைத் தொடும் வாய்ப்பு சுமார் 78 சதவீதம். 3 மீட்டர் ஆரம் என்றால் 28 சதவீதம். ஒரு சிறு தொட்டி கசிந்து 1.5 மீட்டர் ஆரத்தில் ஊறியிருந்தால் 7 சதவீதம்தான். 95 சதவீத நம்பிக்கை வேண்டுமானால், தவறவிடக்கூடாத திட்டின் ஆரத்தை 0.59-ஆல் வகுத்து வருவதுதான் இடைவெளி. 3 மீட்டர் ஆரத்துக்கு அது ஏறக்குறைய 5 மீட்டர். அதாவது 75-க்கு மேல் குழிகள். யாருடைய கைக்கும் கட்டுப்படியாகாது.

அதே தொட்டி எங்கே இருந்தது என்று பழைய வரைபடம் காட்டினால் அதன் இரு பக்கமும் இரண்டே துளைகள் போதும். காகிதத்தில் செலவிட்ட ஒரு வாரம் அறுபது குழிகளை மிச்சப்படுத்துவது இப்படித்தான். ஆனால் குறிவைத்து மட்டும் எடுத்தால் நிரப்பு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த கெட்ட இடங்களை மட்டுமே தொட்டதால் மனையின் சராசரியும் சொல்ல முடியாது. நம் மனைக்கு நாங்கள் வைக்கும் பங்கீடு: குறிவைத்து 8 (முலாம் தொட்டி வரிசை 3, பிசுக்கு நீக்கிய மூலை 2, வடிகால் முடியுமிடம் 2, பீப்பாய்க் கிடங்கு 1), கட்டத்தில் 14 மீட்டர் இடைவெளியில் 10. ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு ஆழம்.

குழியா, குழாயா?

கை ஆகர், அதாவது கையால் திருகித் துளைக்கும் கருவி, ஒன்றிரண்டு மீட்டர் போகும். இடிபாட்டுக் கல் தட்டினால் நின்றுவிடும். பழைய பட்டறை மனையில் அது முதல் அரை மீட்டரிலேயே நடக்கும். தோட்டத்துக்கான மேல்மண் பார்க்க மட்டும் போதும்.

ஜேசிபி வைத்துத் தோண்டும் சோதனைக் குழி 3, 4 மீட்டர் வரை. அதன் பெரிய பலம், மண்ணின் வெட்டுமுகம் கண்ணுக்கு முன் நிற்பது. நம் மனையில் ஒரு குழியின் சுவர் இப்படி இருக்கலாம்: மேலே 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டும் ஜல்லியும், அதற்குக் கீழ் 90 சென்டிமீட்டர் வரை செங்கல் துண்டு, கண்ணாடி, சாம்பல் கலந்த நிரப்பு மண், பிறகு இரண்டு விரல்கடை தடிமனில் எண்ணெய் வாடையுள்ள கறுப்புப் பட்டை, அதற்கும் கீழே பழுப்புக் களிமண், வெடிப்புகளின் ஓரம் மட்டும் பச்சை படர்ந்து. மூன்று மாதிரி எடுக்க வேண்டும்: நிரப்பு மண்ணிலிருந்து ஒன்று, கறுப்புப் பட்டையிலிருந்து ஒன்று, களிமண்ணுக்குள் 30 சென்டிமீட்டர் இறங்கி ஒன்று. மூன்றையும் கலந்து ஒரே பாட்டிலில் போட்டால் இருந்த செய்தி அத்தனையும் போய்விடும். களிமண் மாதிரி சுத்தமாக வந்தால் மாசு மேலேயே தங்கியிருக்கிறது என்று பொருள். அங்கும் இருந்தால் வெடிப்பு வழியாக இறங்கியிருக்கிறது, இன்னும் கீழே போய்ப் பார்க்க வேண்டும்.

குழிக்குள் யாரும் இறங்கக்கூடாது. 1.2 மீட்டருக்குக் குறைவான குழியும் சரிந்து ஆளை அமுக்கியிருக்கிறது. அடியில் கனமான வாயு தேங்கியும் இருக்கும். வாளி மேலே கொண்டுவந்த கட்டியின் நடுவிலிருந்து, இரும்பு உரசாத பகுதியை எடுத்தால் போதும். கறுப்புப் பட்டையை முகர்ந்து பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தானாக வந்த வாடையைக் குறித்துக்கொள்ளலாம், முகத்தைக் கொண்டுபோய் வைக்கக்கூடாது.

குழியின் பலவீனம்: ஆவியாகும் பொருள் காற்றில் போய்விடும், மூடிய இடம் தளர்ந்து பின்னால் அஸ்திவாரத்துக்குத் தொல்லை தரும், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சுவர் நிற்காது. இந்த மூன்றுக்கும் விடை, பிளாஸ்டிக் உறையுள்ள குழாயை அடித்து இறக்கி மண் தண்டாக எடுப்பது. 5 முதல் 8 மீட்டர் வரை போகும், துளை சிறியது, மாதிரி உறைக்குள் மூடியே வரும். ஆனால் பார்ப்பது ஒரு கைப்பிடித் தடிமன்தான். கல்நார்த் துண்டு அதில் அகப்படுவது அதிர்ஷ்டம். 1 மீட்டர் இறக்கி 70 சென்டிமீட்டர் மண் மட்டுமே வந்தால், விட்டுப்போன 30 எந்த ஆழத்தில் என்று தெரியாது. பதிவேட்டில் அதை அப்படியே எழுத வேண்டும்.

நிரப்பு மண்ணுக்குக் குழி, கரைப்பானுக்கும் ஆழத்துக்கும் குழாய். நம் மனைக்கு இரண்டும் வேண்டும்: கட்டத்தில் உள்ள பத்துக்குக் குழி, குறிவைத்த எட்டுக்குக் குழாய். எதுவானாலும் மின்கம்பியும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று கருவியால் தடம் பார்த்து, முதல் 1.2 மீட்டரைக் கையால் தோண்டிய பிறகே இயந்திரம்.

இன்னொரு எச்சரிக்கை: குளோரின் கரைப்பான் தண்ணீரைவிடக் கனமானது. களிமண் அடுக்கின் மேல் தேங்கிக் கிடப்பதைத் துளைபோட்டுக் கீழே உள்ள நல்ல நிலத்தடி நீருக்குள் இறக்கிவிட்டால், சோதிக்க வந்தவர்களே மாசுபடுத்தியதாகிவிடும். கரைப்பான் சந்தேகம் உள்ள இடத்தில் களிமண் தொட்டதும் நிறுத்த வேண்டும். தாண்டியே ஆக வேண்டுமென்றால் வெளிக்குழாய் பொருத்திப் பென்டோனைட் களியால் அடைத்துவிட்டுத் தாண்ட வேண்டும்.

கலந்து அனுப்பும் சிக்கனம்

நான்கு இடத்து மண்ணைக் கலந்து ஒரு மாதிரியாக அனுப்பினால் ஆய்வகக் கட்டணம் கால் பங்குதான். ஒரு இடத்தில் ஈயம் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம், மற்ற மூன்றில் 60 என்று வைத்துக்கொள்வோம். கலவை 295 காட்டும். வரம்பு 300 என்றால் மனை தேறிவிட்டது! இதைத் தவிர்க்க, வரம்பையும் நான்கால் வகுத்து 75-உடன் ஒப்பிட வேண்டும். ஆனால் பழைய நகரத்து மண்ணில் ஈயம் சாதாரணமாகவே அதைத் தாண்டும். அப்படியானால் எல்லா மனையும் தோற்கும், மறுபடி நான்கையும் தனித்தனியாக அனுப்ப வேண்டியதுதான். கசிவைத் தேடும் வேலைக்குக் கலவை கூடவே கூடாது. ஆவியாகும் பொருளுக்கும் கூடாது. கலக்கும்போதே ஆவி போய்விடும்.

கலப்பதற்கு ஒரு நல்ல வடிவமும் உண்டு. ஒரு விளையாட்டுத் திடலையோ தோட்டப் பாத்தியையோ ஓர் அலகாக வைத்து, 30 முதல் 100 இடங்களில் சம அளவு சிறு துண்டுகள் எடுத்து, ஒன்றிரண்டு கிலோ சேர்த்து, மொத்தத்தையும் அரைத்துச் சோதிப்பது. இதையே வேறு இடங்களில் தொடங்கி மூன்று முறை செய்ய வேண்டும். மூன்று எண்ணும் நெருங்கி வந்தால் சராசரியை நம்பலாம். குழந்தை திடல் முழுக்க ஓடுவதால் அங்கே சராசரிதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை.

பாட்டில் மூடும் அந்த அரை நிமிடம்

குழாயில் வந்த உறையைக் கத்தியால் கீறித் திறந்ததும் கரைப்பான் ஆவியாகத் தொடங்கிவிடும். அங்கே நின்று படம் எடுக்கவோ நிறம் எழுதவோ நேரம் இல்லை. பி.ஐ.டி. முனையைத் தண்டின்மேல் ஓட்டி, அதிகம் காட்டும் இடத்தைக் கண்டு, முனை வெட்டிய சிரிஞ்சைக் குத்தி 5 கிராம் அளவு மண்ணை இழுத்து, மெத்தனால் ஊற்றி முன்கூட்டியே எடைபோட்ட குப்பிக்குள் தள்ளி, மூட வேண்டும். மூடுவதற்கு முன் திருகு மரையைத் துடைக்க வேண்டும். அங்கே ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், மூடி இறுகாது; ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் பாதி போயிருக்கும். பிறகு ஐஸ் பெட்டி, சுமார் 4 டிகிரி, 14 நாளுக்குள் சோதனை. பெட்டியில் வெறும் மெத்தனால் குப்பி ஒன்றும் போய்வர வேண்டும். அதில் ஏதாவது தென்பட்டால் மாசு மனையில் ஏறியதல்ல, வழியில் ஏறியது.

மற்றவை இவ்வளவு நுணுக்கம் கேட்காது. தார், எண்ணெய் வகைக்கு அடர்நிறக் கண்ணாடி. உலோகத்துக்குப் பிளாஸ்டிக் போதும். குரோமியம் 6 மாதிரியை மட்டும் உலர்த்தாமல் குளிரில் அனுப்ப வேண்டும். ஆய்வகப் படிவத்தில் 'குரோமியம்' என்று மட்டும் எழுதினால் மொத்த அளவுதான் வரும், 'குரோமியம் 6' என்று தனியாக எழுத வேண்டும். மாதிரிக்கு மாதிரி கையுறை மாற்றுவது, கரண்டியைக் கழுவுவது, பத்துக்கு ஒன்று இரட்டை மாதிரி அனுப்புவது இவற்றையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது நல்லது.

மண் போதாத இடம்

கரைப்பான் சந்தேகம் இருந்தால் மண் மாதிரியை மட்டும் நம்பக்கூடாது. 5 கிராமில் ஒன்றும் தென்படாமல், அதே தரையின் அடியில் ஆவி நிறைந்திருப்பது சாதாரணம். 1.5 மீட்டர் ஆழத்தில் மெல்லிய குழாய் பதித்து மண் வாயுவை எடுக்க வேண்டும்; பழைய கட்டடத்தை வைத்துக்கொள்வதானால் தரைக்கு நேர் கீழே. மேல்காற்று கசிகிறதா என்று ஹீலியம் விட்டுப் பார்க்க வேண்டும், கனமழை பெய்த அடுத்த நாள்களில் எடுக்கக்கூடாது. பக்கத்தில் பழைய குப்பைப் பள்ளம் இருந்தால் ஒரே நாள் அளவை நம்பக்கூடாது. இங்கிலாந்தின் லோஸ்கோ கிராமத்தில் 1986 மார்ச் 24 அன்று குப்பைமேட்டு வாயு புகுந்து ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. அதற்கு முந்தைய மணி நேரங்களில் காற்றழுத்தம் வேகமாக விழுந்திருந்தது. அழுத்தம் விழும்போதுதான் மண் வாயுவை வெளியே விடும்; ஆகவே அப்படி அழுத்தம் விழும் நாளில் அளந்த அளவும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

நிலத்தடி நீருக்குக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள், முக்கோணமாக. இரண்டை வைத்து ஓட்டத்தின் திசையைக் கண்டுபிடிக்க முடியாது. பெட்ரோல் தேடினால் துளையுள்ள குழாய்ப் பகுதி நீர்மட்டத்தைக் குறுக்கே வெட்ட வேண்டும், மிதப்பது அங்கேதான். கரைப்பான் தேடினால் அடியில், களிமண்ணுக்குச் சற்று மேலே.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வாங்கலாமா வேண்டாமா என்ற நிலையில் இருப்பவர் ஆவணத் தேடலை முழுமையாகச் செய்து, குறிவைத்த 4, 5 குழாய்த் துளைகளோடு நிறுத்தலாம். மோசமானது அங்கேயே தெரிந்துவிட்டால் மீதியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. தெரியவில்லை என்றால் பத்திரத்துக்கு முன் கட்டத்தையும் முடிக்க வேண்டும். காய்கறித் தோட்டம் மட்டும் போடுவதானால், ஆவணத்தில் கரைப்பானோ புதைத்த தொட்டியோ இல்லாதவரை, மேல் 30 சென்டிமீட்டரில் அலகு வாரியான பலதுண்டு மாதிரியும் எக்ஸ்.ஆர்.எஃப்.பும் போதும். வீடு கட்டுபவருக்கு, அதுவும் நிலவறை தோண்டுபவருக்கு, மண் வாயு அளக்காத அறிக்கை அரைகுறை அறிக்கைதான். தோண்டி வெளியேற்றும் மண்ணை எங்கே கொட்டலாம் என்பதற்குக் கசிவுச் சோதனை, அதாவது மண்ணைத் தண்ணீரில் குலுக்கி எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பது, தனியாகத் தேவைப்படும். மொத்த அளவு அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதிய வரிகளைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் கண்டறியும் வரம்பு ஒன்று இருக்கும். பாதுகாப்பு வரம்பு 1 மில்லிகிராம், ஆய்வகம் கண்டறிய முடிவது 5-க்கு மேல்தான் என்றால் அந்த வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த மாதிரியை நுட்பம் கூடிய முறையில் மறுபடி ஓட்டித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பாட்டிலை ஆய்வகம் தூக்கி எறிவதற்கு முன்பே, மாதிரியைச் சோதிக்க வேண்டிய காலக்கெடுவும் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும்.